யொட்டில நாயைக் கூட்டிட்டுப் போகலாமா? போகலாம், ஆனா கடலை விடக் கரையைப் பத்தி யோசிங்க

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: நீங்களும் கணவரும் ஒரு 34 அடி யொட்டில, அதாவது பாய்மரப் படகில, மார்ச் மாசம் கொழும்பால வெளிக்கிட்டு, காலி போய், தெற்கால சுத்தி திருகோணமலை வரைக்கும் கரையோரமாப் போகப் போறீங்க. வீட்டில 3 வயசு நாட்டு நாய் ஒண்டு, கடுவன், 14 கிலோ. அவனையும் ஏத்திட்டுப் போறதா, தெஹிவளையில அம்மாட்ட விட்டிட்டுப் போறதா எண்டதுதான் கேள்வி. நாய்க்கு நீந்தப் பழக்க வேணுமா, லைஃப் ஜெக்கெட் என்ன சைஸ் எண்டெல்லாம் கேட்டிருந்தாலும், "எங்கட ஆசைக்காக ஒரு வாயில்லாச் சீவனைக் கஷ்டப்படுத்திறமா" எண்ட யோசனைதான் உள்ளுக்க கிடக்கு எண்டு எனக்குப் படுது. அதுக்குத்தான் பதில் எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

நான் பேராதனையில படிச்ச மிருக வைத்தியர், நிறையக் காலமா கொழும்புலதான் வேலை. காலி துறைமுகத்துக்கு வாற வெளிநாட்டு யொட்காரர் சில பேர் தங்கட நாய்களைக் காட்டக் கூப்பிடுறதால படகிலயே வளர்ந்த நாய்கள் நிறையப் பாத்திருக்கன், அதோட கூட்டாளி ஒருத்தர்ட படகில லீவு நாளில கயிறு இழுக்கிற ஆளா நானும் போறனான். அதால நாயைப் பத்தி நான் சொல்றதை நீங்க நம்பலாம், பாய், நங்கூரம், காத்து பத்திச் சொன்னா படகை நடத்திற உங்கட ஸ்கிப்பரிட்டயும் ஒருக்காக் கேட்டுக்கொள்ளுங்க.

முதல்ல நிச்சயமாச் சொல்லக்கூடியது. நல்ல சுகத்தோட இருக்கிற, நடுத்தர அளவு நாட்டு நாய் ஒண்டுக்குப் படகு வாழ்க்கை கொடுமை இல்ல. நாள் முழுக்கத் தன்ட ஆக்களோட பத்து அடிக்குள்ள இருக்கலாம், வேற என்ன வேணும் அதுக்கு. காலையில வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்கு வாற எசமான்ட வீட்டில கேற்றைப் பாத்துக்கொண்டு கிடக்கிற நாயை விட யொட் நாய் மனசால நல்லாத்தான் இருக்கும். பக் மாதிரி சப்பை மூக்கு நாய், இதய வருத்தம் உள்ள கிழட்டு நாய், இடுப்பு எலும்பு பலவீனமான பெரிய ஜெர்மன் ஷெப்பர்ட் எண்டா நான் வேண்டாம் எண்டு நேரயே சொல்லியிருப்பன். உங்கடது அப்படி இல்ல.

எங்கட நாட்டில பிரச்சினை வாறது கடலில இல்ல, கரைக்கு இறங்கிற இடத்தில. வெளிநாட்டுக்காரர் எழுதுறதைப் பாத்தா காலையில ஒருக்கா பின்னேரம் ஒருக்கா டிங்கி எண்ட சின்னத் துணைப் படகில நாயைக் கரைக்குக் கொண்டு போய் நடத்திட்டு வாறாங்க, அவங்கட கரையில அமைதியான குடாக்கள் கிட்டக் கிட்ட இருக்கு, அது சரி வரும். எங்கட மேற்கு தெற்குக் கரையில நல்லா மறைஞ்ச இடம் எண்டு சொல்லக்கூடியது கையில எண்ணுற அளவுதான். பேருவளை, காலி, மிரிஸ்ஸ எண்டு துறைக்குள்ள போனாத்தான் அமைதி, மற்ற இடமெல்லாம் திறந்த மணல் கரை, அலை நேர கரையில வந்து உடையும். வெறும் அரை மீற்றர் அலைதானே எண்டு உங்களுக்குப் படும், ஆனா ஒரு சின்ன ரப்பர் டிங்கி, அதுக்குள்ள பயந்து எழும்பி நிக்கிற 14 கிலோ நாய், ஒரு கையில எஞ்சின் ஒரு கையில நாய்ப்பட்டி எண்டு அந்த அலைக்குள்ள போறது நல்ல விளையாட்டு இல்ல. படகு குறுக்கால திரும்பினாப் பிரளும்.

அதால நான் லைஃப் ஜெக்கெட்டை விட முக்கியமா நினைக்கிறது ஒரு தும்புப் பாய்த் துண்டு. சிரிக்காதீங்க. நாய் படகிலயே ஒண்டுக்கும் ரெண்டுக்கும் இருக்கப் பழகினா மேல சொன்ன தலையிடியில முக்கால்வாசி போயிடும், பழகாட்டி உங்கட முழுப் பயணமும் நாய்ட மூத்திரப்பையைச் சுத்தித்தான் நடக்கும். வாசல்ல போடுற தும்புக் கால்மிதி போதும். இண்டைக்கே வாங்கி வீட்டுத் தோட்டத்தில அவன் வழமையாப் போற மூலையில போடுங்க, அவன்ட மூத்திரத்தை ஒரு துணியில ஒத்தி அதில தேய்ச்சு விடுங்க, அவன் அதில போகேக்க ஒவ்வொரு தரமும் ஒரே சொல்லைச் சொல்லுங்க, போன உடன விருப்பமான சாப்பாட்டுத் துண்டு ஒண்டு குடுங்க. கடுவன் நாய் காலைத் தூக்கிறதுக்கு நிமிர்ந்த சாமான் ஒண்டு தேடும், ஒன்றரை லீற்றர் போத்தலில தண்ணி நிரப்பி பாய்க்கு நடுவில நிப்பாட்டினா அவனுக்கு அது மரம். இல்லாட்டி மாஸ்ட் எண்ட பாய்மரத்தின்ட அடியையும் சுருட்டி வச்ச கயிறுகளையும் தெரிவு செய்வான், மூத்திரம் ஊறின கயிறு வெயில்ல காய்ஞ்சா என்ன மணம் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. பிறகு அதே பாயைப் பல்கனிக்கு, பிறகு கட்டி நிக்கிற படகின்ட முன் டெக்குக்கு எண்டு இடம் மாத்துங்க. பாயின்ட மூலையில ஒரு ஓட்டை போட்டுக் கயிறு கட்டினா கடலில எறிஞ்சு அலசி எடுக்கலாம், ஆனா சவர்க்காரம் போட்டு வாசம் முழுக்கப் போக்கிடாதீங்க, அந்த வாசம்தான் அவனுக்கு அடையாளம்.

எவ்வளவு நேரம் அடக்குவான் எண்டு பயப்படுவீங்க. அஞ்சு நொட் (மணிக்கு ஒன்பது கிலோமீற்றர் அளவு) வேகத்தில கொழும்பு காலி ஒரு பன்னிரண்டு பதின்மூண்டு மணித்தியாலம், பெரும்பாலான நாய் அதைச் சாதாரணமாத் தாங்கும், முதல் தரம் பிடிவாதமா ஒரு நாள் அடக்கின நாயும் பாத்திருக்கன். சிறுநீர்ப்பை வெடிக்காது. ஆனா சில நாய் அடக்கிறதோட சேத்துத் தண்ணி குடிக்கிறதையும் குறைச்சுப்போடும், இந்த வெயிலுக்க அதுதான் எனக்குப் பயம்.

வெயில் எண்டு வந்ததால காலத்தைப் பத்திச் சொல்லோணும். சோழகம் எண்ட தென்மேற்குப் பருவக்காத்து மே மாசம் தொடங்கினா மேற்குக் கரையும் தெற்குக் கரையும் சரி வராது, வாடைக்காத்து அடிக்கிற டிசம்பர் ஜனவரியில கிழக்குக் கரை கொந்தளிக்கும். மேற்கால இருந்து கிழக்குக்குப் போறவங்க ரெண்டுக்கும் நடுவில மார்ச் ஏப்ரலைப் பிடிக்கிறது படகுக்கு நியாயமான முடிவு, மன்னாருக்கும் இந்தியாவுக்கும் நடுவில ராமர் அணைப் பக்கம் ஆழமில்லாததால, கீல் (படகின்ட அடியில ஆழமா இறங்கிற தகடு) உள்ள படகு தெற்கால சுத்தித்தான் போகவும் வேணும். நாய்க்கு எண்டு பாத்தா அந்த மாசங்கள்தான் ஆகக் கூடாத மாசங்கள். ஏப்ரல் 5க்கும் 15க்கும் இடையில சூரியன் எங்கட நாட்டுக்கு நேர மேல வரும், காத்து விழுந்திடும், பின்னேரம் இடி மின்னல். பட்டாசுக்குக் கட்டிலுக்கடியில ஓடுற நாய் எண்டா இடிக்கு என்ன செய்யுது எண்டு இப்பவே கவனிச்சு வையுங்க, படகில ஓடி ஒளிய இடம் இல்ல, கெபினுக்குள்ள மூலை ஒண்டை அவனுக்கெண்டே ஒதுக்கி, வீட்டில அவன் படுக்கிற அதே துணியைப் போட்டு வையுங்க.

நாய்க்கு வியர்வை பாதத்தில மட்டும்தான், மிச்ச வெப்பமெல்லாம் மூச்சிரைச்சுத்தான் வெளிய போகோணும், காத்தில ஈரப்பதன் கூடினா அந்த மூச்சிரைப்பும் சரியா வேலை செய்யாது. சாதாரண உடம்பு வெப்பம் 38இலிருந்து 39 பாகை வரை, 41ஐத் தாண்டினா அவசரம். கண்டபடி எச்சில் வடியும், முரசு கடும் சிவப்பாகும், தள்ளாடும். அந்த நேரம் முதல்ல குளிர வைக்கிறது, பிறகுதான் வைத்தியரைத் தேடுறது, இந்த ஒழுங்கை மாத்தக்கூடாது. ஐஸ் தேடி அலைய வேண்டாம், வாளியில கடல் தண்ணி அள்ளி உடம்பு முழுக்க, முக்கியமா வயித்திலயும் கவட்டுக்குள்ளயும் ஊத்தி ஃபேனைப் போடுங்க. எங்கட கடல் தண்ணி 28, 29 பாகை இருக்கும்தான், ஆனா 41இல நிக்கிற நாயை விட அது பன்னிரண்டு பாகை குளிர், காத்துப் பட்டா இன்னும் இறங்கும். குடிக்கிறதுக்கு மட்டும் நல்ல தண்ணி. டெக் சூட்டுக்குப் புறங்கையை வச்சுப் பாருங்க, ஏழு செக்கன் வைக்க ஏலாட்டி அவன்ட பாதத்துக்கும் ஏலாது. நிழலுக்கு கொக்பிட்டுக்கு, அதாவது படகை ஓட்ட உக்காருற திறந்த பள்ளத்துக்கு, மேல துணி கட்டாம வெளிக்கிடவே வேண்டாம். ரெண்டு பேரும் கரைக்குப் போயிட்டு ஹட்ச் எண்ட மேல்வாசல் மூடின கெபினுக்குள்ள நாயை விட்டிட்டுப் போற கதையும் வேண்டாம், ஒருத்தர் படகில நில்லுங்க.

தண்ணிக் கணக்கைச் சொல்றன், இது தாங்கியோட சம்பந்தப்பட்ட விஷயம். சும்மா இருக்கிற நாய்க்கு ஒரு கிலோவுக்கு 50, 60 மில்லிலீற்றர் எண்டு வச்சா உங்கடவனுக்கு 700, 800 மில்லி, ஏப்ரல் வெயிலுக்கு ரெட்டிப்பா வையுங்க. அதுக்கு மேல கடல்ல நனைஞ்சு வாற ஒவ்வொரு தரமும் பாதத்தையும் வயித்தையும் கழுவ அரை லீற்றர், கழுவாட்டி உப்பை நக்கி நக்கி வயித்தால போகும், விரலிடுக்கும் புண்ணாகும். கடல் தண்ணியை மடமட எண்டு குடிச்ச நாய் வாந்தியோட நிக்காம சோர்ந்து தள்ளாடினா, உடம்பில உப்பு ஏறிட்டுது எண்டு எடுத்து வைத்தியரிட்டப் போங்க.

கடல் தலைச்சுத்து வருமா எண்டதுக்கு ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்ல ஏலாது. காருக்குள்ள வாந்தி எடுக்கிற நாய்க்குப் படகிலயும் வர வாய்ப்புக் கூட, ஆனா கார்ல ஒண்டும் செய்யாத நாய் கடல்ல வாந்தி எடுத்ததும் உண்டு. வாயை நக்கிறது, திரும்பத் திரும்பக் கொட்டாவி, எச்சில், இதுகள்தான் முதல் அறிகுறி. ரெண்டு மூண்டு நாளில நிறைய நாய் பழகிடும், எல்லாம் இல்ல. வெளிக்கிட முதல் அஞ்சாறு மணித்தியாலத்துக்கு வயிறு நிறையச் சாப்பாடு குடுக்காதீங்க. நாய்க்கெண்டே மரோபிட்டன்ட் எண்ட மருந்து இருக்கு, நல்ல மருந்து, ஆனா அளவு நிறையைப் பொறுத்தது, வாந்திக்கு ஒரு அளவு, பயண வாந்திக்கு அதை விடக் கூடின அளவு, அதால உங்கட வைத்தியர்தான் எழுதித் தரோணும். மனுசருக்கு வாங்கி வச்ச குளிசையை உடைச்சுக் குடுக்கிற வேலை வேண்டாம், பனடோல், இபுபுரோஃபன் ரெண்டும் நாய்க்கு நஞ்சு எண்டே நினைச்சுக்கொள்ளுங்க.

இனி விழுகிற கதை. நாய் விழும், விழும் எண்டு வச்சுத்தான் ஆயத்தம் செய்யோணும். டெக்கைச் சுத்தி இருக்கிற கம்பி மனுசர்ட முழங்காலைத் தடுக்கும், நாய் அதுக்குக் கீழால நேர போயிடும். நீர்கொழும்பிலயோ பேருவளையிலயோ மீன்வலைக் கடையில வலை வாங்கி முன்னுக்கிருந்து பின்னுக்கு வரை கட்டுங்க. லைஃப் ஜெக்கெட்டில பாக்க வேண்டியது மிதவையை விட முதுகில இருக்கிற கைப்பிடிதான், நாய்ட முழுப் பாரத்தையும் அதால தூக்கிப் பாத்து வாங்குங்க, கழுத்து இறுகினா, பின்பக்கம் தொங்கினா அது வேண்டாம். நீந்தத் தெரிஞ்ச நாய்க்கும் ஏணி ஏறத் தெரியாது, படகுப் பக்கத்துச் சுவரைப் பிறாண்டிக் களைச்சுத்தான் தாழும். போட்ஹூக் எண்ட நுனியில கொளுக்கி உள்ள நீளத் தடியால அந்தக் கைப்பிடியைக் கொளுவி இழுக்க ரெண்டு பேரும் பழகோணும், ஒருத்தர் தனிய இருக்கிற நேரத்துக்கும் சேத்து. இருட்டினாப் பிறகு நாய் கெபினுக்குள்ள, இல்லாட்டி கொக்பிட்டில கட்டி. பாவம் எண்டு அவிழ்க்கிற பழக்கம் இருக்கவே கூடாது, கட்டுறது கழுத்துப்பட்டியில இல்ல, நெஞ்சு ஹார்னஸ்ல.

கரைக்கு இறங்கினா என்ன என்ன இருக்கு எண்டு பாப்பம். எங்கட கடற்கரை எல்லாத்திலயும் ஊர் நாய்க் கூட்டம் ஒண்டு இருக்கும், அது அவங்கட எல்லை, உங்கடவன் டிங்கியால குதிச்ச உடன சண்டை. விசர்நாய் நோய் இன்னும் இந்த நாட்டை விட்டுப் போகேல்ல, அதால விசர்நாய் ஊசி ஒரு வருசம் தாண்டியிருக்கக் கூடாது, கார்ட் படகிலயே இருக்கோணும், கடி பட்டாக் காயத்தைச் சவர்க்காரத் தண்ணியில கால் மணித்தியாலம் கழுவிட்டு அண்டைக்கே மறு ஊசிக்கு ஓடோணும். மீன்பிடித் துறையில எலி இருக்கும், எலி மூத்திரம் கலந்த குட்டைத் தண்ணியை நாய் நக்கும், எலிக்காய்ச்சல் ஊசியும் சேத்துப் போடுங்க. உண்ணி அடுத்தது. உண்ணிக் காய்ச்சல் கொழும்பு நாய்களில சர்வ சாதாரணம், உடம்புக்குள்ள ஒளிச்சிருந்து களைப்பு வரேக்க வெளிய வரும், அதால வெளிக்கிட முதல் இரத்தம் ஒருக்காச் சோதிச்சுப் போடுங்க. இதைப் பலர் வீண் செலவு எண்டு விடுறாங்க, யால கரைக்கு வெளியால நிக்கேக்க முரசு வெளிறிப் படுத்த நாயை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது.

பேத்தை மீனைப் பத்தி ஒருத்தரும் எச்சரிக்கிறேல்ல. கரைவலை இழுக்கிறவங்க வேண்டாம் எண்டு மணல்ல எறிஞ்சுட்டுப் போற மீன்களுக்குள்ள அது கிடக்கும், ஊதிக் காய்ஞ்சு பந்து மாதிரி, நாய்க்கு விளையாட்டுச் சாமான். அதில இருக்கிற நஞ்சுக்கு மாற்று மருந்து இல்ல, பின்னங்கால் தள்ளாடத் தொடங்கிக் கடைசியில மூச்சு நிண்டு போகும், செயற்கைச் சுவாசம் குடுத்துத் தாக்குப் பிடிக்கிறதுதான் ஒரே வழி. இதுக்காகவே கரையில கூடை மாதிரி வாய்மூடி போடுங்க, அதுக்குள்ளால மூச்சிரைக்கலாம், தண்ணி குடிக்கலாம், மீன் தின்ன ஏலாது. தூண்டில் முள்ளும் இதே கதைதான். வாய்க்கு வெளிய நூல் தொங்கினா இழுக்காதீங்க, கொஞ்சம் விட்டு வெட்டிட்டு நேர வைத்தியரிட்ட. ஆத்து முகத்துவாரங்களில நாயைக் குளிக்க விடவே வேண்டாம், மாத்தறை நில்வளா கங்கையில முதலை மனுசரையே பிடிச்சிருக்கு. பேருவளை, ஒலுவில் மாதிரி முஸ்லிம் ஆக்கள் கூட இருக்கிற துறையில நாயைச் சங்கிலி இல்லாம இறக்காதீங்க, நாய்ட எச்சில் பட்டா அவங்களுக்குச் சிரமம், கேட்டு நடந்தா இடம் காட்டுறதும் அவங்கதான்.

சின்ன விஷயம் ஒண்டு, நாய் மயிர். படகின்ட அடியில தேங்கிற தண்ணியை இறைக்கிற பம்ப்பின்ட வடியில அது பாய் பின்னின மாதிரித் திரளும், ஸ்கிப்பருக்குத் தெரியாம நாய் படகைத் தாழ்க்கிறது அப்படித்தான். தினமும் பிரஷ் பண்ணுங்க, கிழமைக்கு ஒருக்கா வடியைத் திறந்து பாருங்க.

கடதாசி வேலை நாட்டுக்குள்ள பெரிசா இல்ல. ஆனா அப்படியே மாலைதீவுக்கும் போவம் எண்டு யோசனை இருந்தா, அங்க நாய் கொண்டு போகத் தடை. வெளிநாட்டுக்குக் கொண்டு போய்த் திருப்பிக் கொண்டு வாறதுக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில முன்கூட்டியே அனுமதி எடுக்கோணும்.

என்ட முடிவு இதுதான். காலி, வெலிகம, மிரிஸ்ஸ வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, அது நாய்க்கு நல்ல பகுதி, ஒவ்வொரு நாளும் துறைக்குள்ள நிக்கலாம், கொழும்புக்கு ஹைவேயில ரெண்டு மூண்டு மணித்தியாலம், ஏதும் எண்டா என்னைப்போல ஆக்கள் கிட்ட. நாட்டின்ட தெற்கு முனையான தெவுந்தரையைத் தாண்டினாப் பெரிய கப்பல் போற பாதை கரைக்குக் கிட்ட வருது, அம்பாந்தோட்டைக்கு அங்கால யால, குமண எண்டு நீளத்துக்குச் சரணாலயக் கரை, நாயோட இறங்கவும் ஏலாது, கிரிந்தவும் ஒலுவிலும் மணல் அடையிற துறைகள், இரவும் ஓடித்தான் ஆகோணும். அந்தத் துண்டுக்கு நாயை வேனில ஏத்தித் தெஹிவளைக்கு அனுப்புங்க, நீங்க திருகோணமலைக் குடாவுக்குள்ள நங்கூரம் போட்ட பிறகு அம்மா ஆரையும் பிடிச்சு அவனைக் கொண்டு வந்து தரட்டும், அந்தக் குடாவுக்குள்ள அலை இல்ல, அவனுக்கு அதுதான் சொர்க்கம். யொட்காரர் சில பேருக்கு இது பிடிக்காது, முழுக்கக் கூட்டிட்டுப் போனவங்களும் இருக்கிறாங்க, அது அவங்கட நாய். தும்புப் பாயை இண்டைக்கே வாங்குங்க. ரெண்டு மாசத்தில அவன் அதில போகப் பழகேல்ல எண்டா காலிக்கும் வேண்டாம், அம்மாட்டையே விட்டிட்டுப் போங்க.